கோடு விழுந்த புடவை

போன மாதம் ஒரு அம்மா கடைக்கு வந்து, வாங்கிய அஜ்ரக் புடவையை, அதாவது மரக்கட்டையால் கையால் அச்சுக் குத்திச் சாயமேற்றிய புடவையை, மேஜையில் விரித்தார். "இங்க பாருங்க, கட்டம் கட்டமா கோடு தெரியுது. டேமேஜ் பீஸைத் தலையில கட்டிட்டீங்களே!" அவர் விரல் வைத்த இடத்தில் சிவப்பு சற்று அழுத்தமாக விழுந்திருந்தது. ஒரு முறை குத்திய அச்சுக்கட்டையின் ஓரத்தின்மேல், அடுத்த குத்து மயிரிழை ஏறிய இடம் அது. கைஅச்சு என்பதற்கு அந்தக் கோடுதான் சாட்சி.

இந்த அடையாளம் தெரியாததால்தான், சட்டத்தில் கட்டிய வலைத்துணி வழியாகச் சாயம் தள்ளி அச்சிடும் ஸ்கிரீன் பிரிண்டைக் கைஅச்சு விலைக்கு வாங்கி ஏமாறுகிறோம். இப்போது ஸ்கிரீனிலேயே அந்தக் கோட்டையும் வரைந்துவிடுகிறார்கள். அதனால் ஒரு கோட்டைப் பார்த்து நம்பிவிடாதீர்கள், நாலைந்தை ஒப்பிடுங்கள். கை குத்தியது என்றால் ஓரிடத்தில் ஏறியிருக்கும், ஓரிடத்தில் இடைவெளி விட்டிருக்கும். அச்சு அசலாக எல்லாம் ஒன்றுபோல் இருந்தால் சந்தேகப்படுங்கள். பிறகு துணியைத் திருப்பிப் பாருங்கள். மேலோடு ஒட்டிய பிக்மென்ட் அச்சு பின்பக்கம் வெளிறியிருக்கும். அஜ்ரக்கில் துணியையே சாயத்தில் முக்குவதால் நிறம் மறுபக்கமும் இறங்கியிருக்கும்.

குஜராத்தின் கச்சுப் பகுதியில் கத்ரி குடும்பங்கள் தலைமுறைகளாகச் செய்துவரும் வேலை இது. 2001 ஜனவரி 26 நிலநடுக்கத்தில் தமட்கா கிராமம் சிதைந்த பிறகு, அவர்களில் பலர் புஜ் அருகே அஜ்ரக்பூர் என்ற புது ஊரையே எழுப்பிக்கொண்டார்கள். துணியைக் கடுக்காய்க் கரைசலில் நனைத்துக் காயவைப்பார்கள். வெள்ளையாக நிற்க வேண்டிய இடத்தில் சுண்ணாம்பும் பிசினும் கலந்த பசையைக் கட்டையால் குத்துவார்கள். கறுப்புக்குப் பழைய இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு நாள்கணக்கில் புளிக்கவிட்ட கரைசல். படிகாரம் பட்ட இடம் மஞ்சிட்டி வேர்ச் சாயத்தில் கொதிக்கும்போது சிவக்கும். அவுரித் தொட்டியிலிருந்து பச்சையாக வெளிவரும் துணி, காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும்! நடுநடுவே அலசல், உலர்த்தல், மறுபடி அச்சு.

மஞ்சிட்டிக்குப் பதிலாகச் செயற்கை அலிசரின் என்ற சிவப்புச் சாயம் போடுவதும் உண்டு. அதில் தவறில்லை. அதை இயற்கைச் சாயம் என்று சொல்லி விற்பதுதான் தவறு. கடைக்காரரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

அந்த அம்மா புடவையைத் திருப்பித் தரவில்லை. துவைப்பதைப் பற்றிக் கேட்டார். கடுமையான சோப்புத்தூள் வேண்டாம், நிழலில் காயவையுங்கள் என்றேன். கட்டிக்கொண்டு பந்தியில் உட்காரும்போது எலுமிச்சைச் சாறு தெறித்தால் உடனே தண்ணீரில் அலசிவிட வேண்டும். அந்த இரும்புக் கறுப்புக்குப் புளிப்பு ஆகாது.