உடும்பு எறியும் ஒட்டுண்ணி

மழைக்காலம் வந்துவிட்டால் தாராவியில் ரத்தப் பரிசோதனைக்கூடம் நடத்தும் எனக்கு நுண்ணோக்கியிலிருந்து தலை நிமிர நேரமிருக்காது. மூடாத தண்ணீர்த் தொட்டிகள்தாம் மும்பையில் மலேரியா பரப்பும் அனாஃபிலிஸ் கொசுவுக்குப் பிறந்த வீடு. சென்ற மாதம் இட்லி விற்கும் அண்ணாச்சி ஒருவர் நடுங்கிக்கொண்டே வந்தார். ஸ்லைடில் வைவாக்ஸ் என்ற வகை மலேரியா.

"மூன்று மாதத்துக்கு முன்பே குணமாகிவிட்டதே டாக்டரம்மா, மறுபடியும் கடித்துவிட்டதா?"

கடித்திருக்கலாம். ஆனால் போன முறை பிரைமாக்வின் மாத்திரையை நான்காம் நாளே நிறுத்திவிட்டாராம். என் சந்தேகம் கல்லீரல் மேல் போயிற்று.

கயிற்றில் கட்டிய உடும்பை மதில்மேல் எறிந்து ஏறும் திருடனைப் பற்றி ஊரில் கதை கேட்டிருப்பீர்கள். மலேரியா ஒட்டுண்ணி செய்வதும் அதுதான். ஒற்றைச் செல்தான், ஆனால் அதன் கூர்முனையில் மைக்ரோனீம், ராப்ட்ரி என இரண்டு வகைச் சுரப்புப் பைகள். வைவாக்ஸின் மைக்ரோனீம் புரதம் ஒன்று சிவப்பணுவிலுள்ள டஃபி என்னும் புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. (மேற்கு ஆப்பிரிக்காவில் பெரும்பாலோரின் சிவப்பணுவில் டஃபி கிடையாது, அங்கே வைவாக்ஸ் அரிது.) பிறகு ராப்ட்ரியிலிருந்து ரான்2 என்ற புரதத்தைச் சிவப்பணுவின் சவ்வுக்குள் செலுத்துகிறது. அதுதான் உடும்பு. ஒட்டுண்ணியின் மேலிருக்கும் ஏஎம்ஏ1 என்ற புரதம் அதை இறுகப் பற்ற, உள்ளே நுழைந்துவிடுகிறது. பிடிக்கிற கையும் பிடிமானமும் அதன் சொந்தச் சரக்கு! பூனை வழியாகப் பரவும் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக்கும் இதே உத்திதான்.

எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிகிறது. நம் எதிர்ப்புப் புரதங்கள் அதை வழிமறிக்கக் கிடைக்கும் அவகாசமும் அவ்வளவே. உள்ளே பெருகி, சுமார் 48 மணி நேரத்தில் சிவப்பணுவை உடைத்து வெளிவரும்போதுதான் நடுக்கமும் காய்ச்சலும்.

ஆனால் கொசு கடித்ததும் ஒட்டுண்ணி முதலில் குடியேறுவது கல்லீரல் செல்லில். வைவாக்ஸில் சில அங்கேயே மாதக்கணக்கில் உறங்கும். குளோரோகுவின் ரத்தத்தில் இருப்பதைக் கொல்லும்; உறங்குவதைத் தொடாது. அதற்குத்தான் 14 நாள் பிரைமாக்வின். ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு அது சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும், கர்ப்பிணிகளுக்கும் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் மிச்சம் வைத்த மாத்திரையை வாங்கி விழுங்காதீர்கள்.

அண்ணாச்சிக்கு அந்தக் குறைபாடு இல்லை. மருத்துவர் மறுபடியும் எழுதிக் கொடுத்தார். எட்டாம் நாள் மாத்திரை போட்டாரா என்று தொலைபேசியில் கேட்டேன். அட்டையை எடுத்து எண்ணும் சத்தம். "இன்னும் ஆறு இருக்கிறது, டாக்டரம்மா."