அமெச்சூர்: சொல்லின் கதையும் அதற்கான தமிழும்

பாவோ நூர்மி அமெச்சூர் அல்ல என்று 1932 ஜூலையில், லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் தொடங்கப் போகும் நேரத்தில், உலகத் தடகளச் சம்மேளனம் முடிவு செய்தது. பின்லாந்துக்காக 1920, 1924, 1928 என மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் ஓடி 9 தங்கமும் 3 வெள்ளியும் வாங்கியவர் அவர். பாரிஸில் ஒரே நாளில், சிறிது நேர இடைவெளியில், 1500 மீட்டரையும் 5000 மீட்டரையும் வென்றவர். மராத்தான் ஓட வேண்டும் என்று லாஸ் ஏஞ்சல்ஸ் வரை வந்திருந்தார். விளையாட்டால் பணம் பெறாத அமெச்சூர்களுக்கு மட்டுமே அப்போது ஒலிம்பிக்கில் இடம் என்பதால், அந்த முடிவுக்குப் பிறகு அவர் ஓட முடியவில்லை.

இந்தச் செய்தியைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே சிக்கல். அமெச்சூர் என்ற சொல்லுக்கு நம் வாயில் சட்டென்று வருவது ‘கற்றுக்குட்டி’. "நூர்மி கற்றுக்குட்டி அல்ல என்று முடிவு செய்தார்கள்" என்று எழுதினால் அது பாராட்டாகிவிடும். அங்கே நடந்ததோ தண்டனை. ஒரே சொல் ஓரிடத்தில் இகழ்ச்சியாகவும் இன்னோரிடத்தில் பெருமையாகவும் எப்படி ஆனது என்று தெரிந்தால்தான் அதற்குச் சரியான தமிழைத் தேட முடியும்.

வேர் லத்தீனில் இருக்கிறது. ‘அமாரே’ என்றால் அன்பு செய்தல், விரும்புதல். ‘அமாத்தோர்’ என்றால் விரும்புபவர், காதலர். இது பிரெஞ்சில் ‘அமத்தேர்’ ஆயிற்று. ஓவியத்தையோ ஒயினையோ விரும்பி ரசிப்பவரைப் பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் அந்தச் சொல்லால்தான் குறிப்பிடுகிறார்கள். ஆங்கிலத்துக்கு 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்தபோதும் இதே பொருள்தான். கலைகளில் ஈடுபாடு உள்ளவர், அவ்வளவே. அதில் காசு பற்றிய பேச்சும் இல்லை, திறமைக் குறைவு என்ற குறிப்பும் இல்லை. விருப்பத்துக்காகச் செய்பவர், பிழைப்புக்காகச் செய்பவர் என்ற பிரிவினை பின்னால் சேர்ந்தது. அதற்கும் பிறகு, பிழைப்புக்காகச் செய்யாதவருக்கு வேலை சுத்தமாக வராது என்ற எண்ணம் ஒட்டிக்கொண்டது. நம் கற்றுக்குட்டி இந்தக் கடைசிப் பொருளுக்கு மட்டும் பொருந்துகிற சொல்.

விளையாட்டில் இந்தச் சொல் எடுத்த பொருள் வேறு. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஓட்டம், படகோட்டம் எல்லாம் பந்தயப் பணத்தோடு நடந்தன. தேம்ஸ் நதியில் பரிசல்காரர்களைப் போல ஆள் ஏற்றிப் பிழைத்தவர்கள் துடுப்புப் போட்டிகளில் சுலபமாக வென்றார்கள். கல்லூரியில் படித்த பணக்கார வீட்டு இளைஞர்களுக்கு அவர்களோடு மோதவும் விருப்பமில்லை, தோற்கவும் விருப்பமில்லை. 1866இல் லண்டனில் தொடங்கிய அமெச்சூர் தடகளக் கழகம் அமெச்சூர் யார் என்று வரையறுத்தபோது, இயந்திரத் தொழிலாளி, கைவினைஞர், கூலியாள் ஆகியோர் அமெச்சூர் ஆக முடியாது என்று சேர்த்துக்கொண்டது. பரிசுப்பணம் வாங்கினாரா என்பது மட்டும் கேள்வி இல்லை. கையால் உழைத்துச் சாப்பிடுகிறாரா என்பதும் கேள்வி. தடகளத்தில் 1880இலேயே இந்தத் தடையை நீக்கிவிட்டார்கள். ஆனால் ஹென்லி படகுப் போட்டியில் 1879இல் எழுதிய இதே மாதிரியான விதி 1937 வரை இருந்தது. கிரிக்கெட்டிலும் இந்தக் கோடு இருந்தது: சம்பளம் வாங்காதவர் ‘கனவான்’, வாங்குகிறவர் ‘ஆட்டக்காரர்’. இரு தரப்புக்கும் தனித்தனி அணிகளாகவே ஆட்டம் நடந்தது. அது நின்றது 1962க்குப் பிறகு.

இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் இந்த விதி யார் யாரைத் தொட்டது என்று பார்த்தால் சொல்லின் உண்மையான எடை தெரியும்.

ஜான் கெல்லி என்று ஒரு படகோட்டி. பிலடெல்பியாக்காரர், செங்கல் கட்டும் கொத்தனாராக வேலை செய்தவர். 1920இல் ஹென்லியின் ஒற்றையர் படகுப் போட்டியான டைமண்ட் ஸ்கல்ஸுக்கு விண்ணப்பித்தார். ஏற்கவில்லை. அவருடைய வெஸ்பர் படகுக் கழகத்தின் மீது 1906 முதல் தடை இருந்தது. அதோடு அவர் கையால் உழைத்தவர். அந்த வருடம் அந்தக் கோப்பையை ஜாக் பெரெஸ்ஃபோர்டு வென்றார். சில வாரங்களில் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக் வந்தது. ஒற்றையர் இறுதியில் கெல்லியும் பெரெஸ்ஃபோர்டும் நேருக்கு நேர் மோதினார்கள். கெல்லி ஒரு நொடி வித்தியாசத்தில் ஜெயித்தார். அதே நாளில் உறவினர் பால் காஸ்டெல்லோவோடு இரட்டையர் தங்கமும் வாங்கினார். அமெரிக்காவின் பிரதிநிதியாக நிற்க அமெச்சூர், ஹென்லியில் அமெச்சூர் இல்லை. ஒரே ஆள், ஒரே கோடை காலம். அவருடைய மகன் 1947இல் ஹென்லியில் அதே கோப்பையை வென்றார். நடிகை கிரேஸ் கெல்லி ஜான் கெல்லியின் மகள்.

1936இல் பெர்லின் ஒலிம்பிக்குக்குப் போகும் வழியில் இங்கிலாந்து வந்த ஆஸ்திரேலிய எண்மர் படகு அணிக்கும் ஹென்லியின் முதன்மைக் கோப்பையில் இடம் கிடைக்கவில்லை. அவர்கள் போலீஸ்காரர்கள் என்பதுதான் காரணம். அடுத்த ஆண்டு அந்த விதியை எடுத்தார்கள்.

நூர்மியின் வழக்கு வேறு மாதிரி. அவர் ஜெர்மனியில் ஓடிய பயணத்தில் அனுமதித்ததற்கு மேல் பயணச் செலவு வாங்கினார் என்பது குற்றச்சாட்டு. அப்போது சம்மேளனத் தலைவராக இருந்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த எட்ஸ்ட்ரோம். பின்லாந்து இதை ஏற்கவில்லை. நூர்மி வெளிநாட்டில்தானே ஓடக்கூடாது என்று, உள்நாட்டுப் போட்டிகளுக்கு அவரைத் ‘தேசிய அமெச்சூர்’ ஆக வைத்துக்கொண்டது. 1933இல் அவர் பின்லாந்தின் 1500 மீட்டர் பட்டத்தை வென்றார். எல்லைக்கு உள்ளே ஒரு பொருள், வெளியே ஒரு பொருள் என்று சொல் இரண்டாகப் பிளந்து நின்ற இடம் இது. பிரான்ஸின் ஜூல் லாடுமெக்கும் 1932இல் இதே போல வாழ்நாள் தடை பெற்றார். 1928இல் 1500 மீட்டரில் வெள்ளி வாங்கியவர் அவர்.

லாஸ் ஏஞ்சல்ஸில் இரண்டு தங்கமும் ஒரு வெள்ளியும் வென்ற அமெரிக்கத் தடகள வீராங்கனை பேப் டிட்ரிக்சனை, ஒரு கார் விளம்பரத்தில் அவர் படமும் பெயரும் வந்ததற்காக அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்க அமெச்சூர் சங்கம் இடைநீக்கம் செய்தது.

நம் பக்கம் வருவோம். 1928இல் ஆம்ஸ்டர்டாமில் இந்திய ஹாக்கி அணி 29 கோல் போட்டு, ஒன்றுகூட வாங்காமல் தங்கம் வென்றது. தியான்சந்த் மட்டும் 14. அவர் ராணுவத்தில் லான்ஸ் நாயக். ராணுவச் சம்பளம் ஹாக்கிக்கான சம்பளம் அல்ல என்பதால் ஹாக்கியில் அவர் அமெச்சூர். ஆனால் அதே ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் போட்டியிட நினைத்திருந்தால் முடிந்திருக்காது. அங்கே ராணுவத்தில் அதிகாரிகள் மட்டுமே அமெச்சூர், கீழ்நிலைச் சிப்பாய்கள் தொழில்முறையாளர்கள். இந்த விதி எவ்வளவு காலம் பிடிவாதமாக இருந்தது என்றால், 1948இல் லண்டனில் ஸ்வீடன் வென்ற குதிரைப் பயிற்சிக் குழுத் தங்கத்தை அடுத்த ஆண்டு பறித்துவிட்டார்கள். அணியிலிருந்த கெனால் பெர்சன் என்பவர் உண்மையில் சார்ஜென்ட், போட்டிக்காகத் தற்காலிகமாக லெப்டினன்ட் ஆக்கப்பட்டவர் என்பதுதான் குற்றம். விதி மாறிய பிறகு 1952இலும் 1956இலும் அவர் குழுத் தங்கம் வென்றார்.

1928 அணியின் தலைவர் ஜெய்பால் சிங் முண்டா, ஆக்ஸ்போர்டில் ஐ.சி.எஸ். பயிற்சியில் இருந்தவர். விடுப்புக் கிடைக்காமலே போய் ஆடினார், பின்னால் ஐ.சி.எஸ்.ஸையே விட்டார். 1932 அணி கொழும்பு வழியாகக் கப்பலில் போனது. திரும்பும் வழியில் ஐரோப்பாவில் ஆட்டங்கள் ஆடி, பயணத்துக்கு ஆன செலவில் ஒரு பகுதியைத் தேற்றியது. ஆடிப் பயணச் செலவைச் சேர்த்த அணி அமெச்சூர், ஓடிப் பயணச் செலவு வாங்கிய நூர்மி அமெச்சூர் அல்ல. காசு யார் கைக்குப் போனது என்பதை வைத்து விதி இரண்டையும் பிரித்துப் பார்த்தது. எனக்கு அந்தப் பிரிப்பு நியாயமாகப் படவில்லை. பின்லாந்தின் தச்சர் வீட்டுப் பிள்ளைக்கும் இங்கிலாந்தின் பிரபு வீட்டுப் பிள்ளைக்கும் ‘காசு வாங்காதே’ என்ற கட்டளை ஒரே மாதிரி வலிக்காது.

இதை அந்தக் காலத்திலேயே பேசினார்கள். போட்டிக்காக வேலைக்குப் போகாத நாட்களின் கூலியை ஈடுகட்டலாமா என்பது 1920களின் பெரிய சண்டை. கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா ‘கொடுக்கலாம்’ என்ற பக்கம் சாய்ந்தது. பிரிட்டனின் கால்பந்துச் சங்கங்கள் 1928இல் ஃபிஃபாவை விட்டு வெளியேறியதற்கு இதுவே காரணம். 1932 ஒலிம்பிக்கில் கால்பந்தே இல்லை. ஃபிஃபா 1930இலேயே தன் உலகக் கோப்பையைத் தொடங்கிவிட்டது. ஒலிம்பிக் சாசனத்தில் இந்தச் சொல்லின் பிடி 1970களில்தான் தளர்ந்தது.

இப்போது தமிழுக்கு வருவோம்.

நம்மிடையே இந்தக் கருத்து முதலில் வேர்விட்டது விளையாட்டில் அல்ல, நாடகத்தில் என்று நினைக்கிறேன். 1891இல் பம்மல் சம்பந்த முதலியாரும் நண்பர்களும் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபை இப்படிப்பட்டது. வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் சம்பளம் வாங்காமல் நடித்தார்கள். கூத்தாடி என்று ஏளனமாகப் பேசப்பட்ட தொழிலை, தொழிலாக இல்லாமல் செய்ததால் மரியாதை கிடைத்தது. அங்கும் கோடு காசோடு சேர்த்துச் சமூக நிலையையும் பிரித்தது. இந்த வகை நாடகத்துக்குப் ‘பயில்முறை நாடகம்’ என்ற பெயர் உண்டு. நாடகத்துக்கு அது அழகான சொல். ஆனால் விளையாட்டில் ‘பயில்முறை வீரர்’ என்றால் பயிற்சியில் இருப்பவர், இன்னும் தேறாதவர் என்று தோன்றும். 9 தங்கம் வாங்கியவருக்கு அது ஒட்டாது.

‘தன்னார்வலர்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். ஒலிம்பிக் பற்றிய கட்டுரையில் அது ஆபத்து. வழி காட்டுவது, தண்ணீர் கொடுப்பது என்று சம்பளமில்லாமல் உதவுகிறவர்களைத்தான் அது குறிக்கும்.

வேர்ப்பொருளுக்கு நெருக்கமான சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது: ஆர்வலர். திருக்குறளில் அன்புடைமை அதிகாரத்தின் முதல் குறளிலேயே இந்தச் சொல் வருகிறது. அன்பைப் பூட்டி வைக்கத் தாழ்ப்பாள் கிடையாது, ஆர்வலரின் கண்ணீரே அதை வெளிப்படுத்திவிடும் என்பது அதன் கருத்து. அங்கே ஆர்வலர் என்றால் அன்புடையவர். லத்தீனின் அமாத்தோருக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை நான் பார்த்ததில்லை. தொலைநோக்கியோடு மொட்டைமாடியில் இரவைக் கழிக்கிறவரை ‘வானியல் ஆர்வலர்’ என்று எழுதுவது முழுக்கச் சரி. ஆனால் ‘விளையாட்டு ஆர்வலர்’ என்றால் இன்று பார்வையாளர் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். ஆடுகிறவரைக் காட்ட அது போதாது.

ஆகவே, விதி பேசப்படும் இடத்தில் ‘தொழில்சாரா வீரர்’ என்பதே என் தேர்வு. ‘தொழில்முறை வீரர்’ என்ற எதிர்ச்சொல் ஏற்கெனவே எல்லோருக்கும் பழக்கம் என்பதால் இதுவும் உடனே விளங்கும்; திறமையைப் பற்றி எதுவும் சொல்லாது; புகழாது, இகழாது. "நூர்மி தொழில்சாரா வீரர் அல்ல என்று சம்மேளனம் முடிவு செய்தது" என்றால் நடந்தது அப்படியே நிற்கிறது. முதல் முறை எழுதும்போது ‘விளையாட்டால் பணம் பெறாதவர்’ என்று ஒரு விளக்கத்தைச் சேர்த்துவிட்டால் போதும். ஹென்லியின் பழைய விதியைச் சொல்லும்போது மட்டும் ‘உடலுழைப்பால் பிழைக்காதவர்’ என்று வெளிப்படையாகவே எழுத வேண்டும். தொழில்சாரா என்ற பொதுச்சொல்லுக்குள் அதை மறைத்தால் கெல்லிக்கு ஏன் கதவு சாத்தினார்கள் என்பது புரியாமல் போகும். ‘வேலையிழப்புக் கூலி’ அல்லது ‘இழந்த கூலிக்கு ஈடு’ என்று அந்த 1920களின் சண்டையைச் சொல்லலாம்.

அமைப்புகளின் பெயரில் வரும்போது சொல்லை மாற்றத் தேவையில்லை. ஊர்க் கபடிப் போட்டிகளின் பிளெக்ஸ் பேனரில் ‘அமெச்சூர் கபடிக் கழகம்’ என்று பார்க்கிறோமே, அது பதிவான பெயர், அப்படியே இருக்கட்டும். அந்தக் கழகத்தின் வழியே வளர்ந்து 2014க்குப் பிறகு புரோ கபடி ஏலத்தில் விலைபோன வீரரைப் பற்றி எழுதும்போது, கழகத்தின் பெயர் என்னவாக இருந்தாலும், அவர் தொழில்முறை வீரர்தான்.