குருதியாக்கம்

'ஹீமட்டோபொயசிஸ்' என்ற சொல் எதிர்ப்பட்டதும் பக்கத்தைத் திருப்பிவிடுகிறவர்கள் உண்டு. பிரித்துப் பார்த்தால் இரண்டே கிரேக்கத் துண்டுகள். 'ஹைமா' என்றால் குருதி, 'பொயேசிஸ்' என்றால் ஆக்குதல். ஆங்கிலத்தின் 'பொயட்ரி'யும் இந்த வேரில் கிளைத்ததுதான். நாமும் சோறு ஆக்குகிறோம், கவிதையையும் ஆக்கம் என்கிறோம். அதனால் 'குருதியாக்கம்' தமிழில் இயல்பாகவே உட்காருகிறது. 'இரத்த உற்பத்தி' என்றால் எனக்குத் தொழிற்சாலைப் புகைதான் நினைவுக்கு வரும்.

'குரு' என்பதற்கு நிறம் என்று பொருள் சொல்கிறது தொல்காப்பியம். குருதி அதன் வழி வந்தது என்பர். வடமொழி 'ரக்த'வும் சாயமேறியது, சிவந்தது என்ற பொருளுடையதே. நிறத்தைப் பார்த்து வைத்த பெயர்கள். குருதியாக்கத்தை மீனில் ஆராய்ந்தவர்கள் செய்ததும் இதையேதான்.

அவர்கள் எடுத்துக்கொண்ட வரிக்குதிரை மீன் (ஜீப்ராஃபிஷ்) நம் கங்கைப் படுகையைச் சேர்ந்தது. 1822இல் கங்கை மீன்களை ஆராய்ந்த பிரான்சிஸ் ஹாமில்டன் அதை விவரித்து எழுதினார். அதன் கரு கண்ணாடிபோல் இருக்கும். முட்டை கருவுற்று ஒரு நாள் கழிந்ததும் நுண்ணோக்கியில் வைத்தால், வால் பக்கம் குருதியணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுவதை உயிரோடு பார்க்கலாம். ஜெர்மனியின் டூபிங்கனிலும் அமெரிக்காவின் பாஸ்டனிலும் மரபணுப் பிழையுள்ள மீன்களை ஆயிரக்கணக்கில் சலித்தார்கள். முடிவுகள் 1996இல் வெளிவந்தன. குருதி வெளிறிய மீன்களுக்குச் சார்டொனே, ரீஸ்லிங், சொத்தேர்ன் என்று வெளிர்நிறத் திராட்சை மதுக்களின் பெயரைச் சூட்டினார்கள்! சிவப்பணுவே உருவாகாத ஒன்றுக்கு, டிராகுலா கதையோடு சேர்த்துப் பேசப்படும் மன்னன் விளாத் செபெஷின் பெயர்.

அந்த மீனில் பழுதானது 'காட்டா1' மரபணு. இந்தப் பெயரும் காரணப்பெயர்தான்: இதன் புரதம் டி.என்.ஏ.வில் ஜி-ஏ-டி-ஏ என்ற எழுத்துகள் வரும் இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டி, சிவப்பணுவுக்கு வேண்டிய மரபணுக்களை முடுக்கிவிடும், வெள்ளையணுவின் பக்கம் இழுப்பவற்றை அடக்கிவைக்கும். எதிர்ப்பக்கம் நிற்பது 'பியு.1' என்ற மரபணு. காட்டா1 இல்லாவிட்டால் சிவப்பாக வேண்டிய முன்னோடி அணுக்கள் வெள்ளையணுக்களாக மாறிவிடுகின்றன. பியு.1ஐக் குறைத்தால் நேர்மாறு. முடுக்குவதும் அடக்குவதுமாக இரண்டு வேலையும் நடப்பதால், 'ஜீன் ரெகுலேஷ'னை 'மரபணுக் கட்டுப்பாடு' என்பது பாதி உண்மை. 'மரபணு நெறிப்படுத்தல்' பொருந்தும்.

இவற்றுக்கெல்லாம் மேலே இருந்து முடுக்கும் மரபணு 'க்ளோஷ்', பிரெஞ்சில் மணி. அது பழுதான மீனுக்கு இதயம் மணிபோல் விரிந்திருக்கும். குருதியணுக்களும் குருதிக்குழாய்களின் உட்சுவர் அணுக்களும் அநேகமாக இராது. 1995இல் இந்த மீனைப் பற்றி எழுதினார்கள். எந்த மரபணு என்று பிடிபட்டது 2016இல்தான், ஏனென்றால் அது குரோமோசோமின் நுனியில் ஒளிந்திருந்தது.

இன்னொரு சொல்லும் இங்கே இடறும். வளர்ந்த மீனில் குருதியாக்கம் நடப்பது எலும்புக்குள் அல்ல, சிறுநீரகத்தில். 'எலும்பு மஜ்ஜை' என்று பழகிய நாம் மீனுக்குச் 'சிறுநீரக மஜ்ஜை' என்றுதான் எழுத வேண்டும்.