குழலில் குச்சி விட்டுப் பார்த்தீர்களா?

போன மாதம் ஜவ்வாது மலையடிவாரத்திலிருந்து ஒருவர், தாத்தா காலத்து நாட்டுத் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி பைக்கில் கட்டிக்கொண்டு வேலூரில் இருக்கும் என் துப்பாக்கி ரிப்பேர் கடைக்கு வந்தார். லைசென்ஸ் எல்லாம் சரியாக இருந்தது. "காலித் துப்பாக்கிதாங்க, முப்பது வருஷமா யாரும் சுடல. துருவை மட்டும் எடுத்துக் குடுங்க" என்றார்.

மெல்லிய மரக்குச்சி ஒன்றைக் குழல் வாயில் அடிவரை விட்டு, விளிம்பில் பென்சில் கோடு போட்டேன். உருவி எடுத்துக் குழலின் வெளிப்புறம் வைத்துப் பார்த்தால், குச்சியின் நுனி நிப்பிளுக்கு (குழலின் அடியில், நெருப்பு உள்ளே போகும் துளையுள்ள சின்ன முளை) நாலு விரல்கடை முன்னாலேயே நிற்கிறது. உள்ளே மருந்தும் ஈயக்குண்டும் அப்படியே இருக்கின்றன. அவருக்கு வியர்த்துவிட்டது.

தோட்டாத் துப்பாக்கியை மடக்கினால் உள்ளே இருப்பது தெரியும். இது மாதிரி குழல் வாய்வழியாக மருந்தும் குண்டும் போட்டுக் கெட்டிக்கும் துப்பாக்கியில் அந்த வசதி இல்லை. கேப், அதாவது நிப்பிள் மேல் மாட்டும், தட்டினால் பொறி விடும் சின்ன மூடி, இல்லையே என்று தைரியமாக இருக்காதீர்கள். கருமருந்துக்கு ஒரு பொறி போதும். இறுகிய நிப்பிளைக் கழற்ற அடுப்பில் காட்டுகிறார்கள் பாருங்கள், அதை நினைத்தாலே எனக்கு வயிறு கலங்கும். தண்ணீர் ஊற்றிவிட்டோமே என்பதும் செல்லாது. நனைந்த மருந்து காய்ந்தால் மறுபடி பற்றும். வெளியே எடுப்பது லைசென்ஸ் உள்ள ரிப்பேர்காரர் வேலை.

1806-இல் வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் பிடித்தது சக்கிமுக்கிக் கல் துப்பாக்கி. தட்டினால் பற்றும் மருந்துக்கு ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஃபோர்சைத் காப்புரிமை வாங்கியது 1807-இல். கேப் அதற்கும் பிறகு. அந்தக் கேப் உட்காரும் நிப்பிள்தான் இன்றைக்கும் முதலில் கெடும் இடம். கேப் இல்லாமல் வெறுமனே குதிரையை (சுத்தியல் போல வந்து அடிக்கும் பாகம்) தட்டித் தட்டி நிப்பிளின் தலை நசுங்கும். தேய்ந்துபோனால் புகை பின்னால் பீறிடும், கேப் சில்லு கண்ணுக்கு வரும். லேத்தில் கிடைத்த கம்பியைக் கடைந்து மாட்டாதீர்கள்.

சுட்டபின் எண்ணெய் மட்டும் தடவி வைப்பது இன்னொரு தப்பு. கருமருந்துக் கரி உப்பு மாதிரி ஈரத்தை இழுக்கும். எண்ணெய்க்கு அடியிலேயே துரு தின்னும். அன்றைக்கே வெந்நீர், துணி வெள்ளையாக வரும்வரை. நன்றாகக் காய்ந்தபின் எண்ணெய். குழல் வாய் கீழே பார்க்கச் சாய்த்து வையுங்கள், எண்ணெய் நிப்பிளில் தேங்காது.

அவருடைய குழலைச் சுத்தம் செய்து பார்த்தேன். நிப்பிள் பக்கம் முடி போல ஒரு விரிசல். சுவரில் மாட்டுங்கள், சுடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன்.