காலி இடமும் குறைவெண் (கோரம்) கணக்கில் சேரும்

பொது நிலங்களையும் நீர்நிலைகளையும் காக்கும் கன்சர்வன்சி என்ற அமைப்பின் ஆளுகைக் குழுவில் ஓர் இடம் காலியானால், நிரப்புவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பாதிப்பு தெரிவது வாக்கெடுப்பு நாளில்தான்.

கலிஃபோர்னியாவில் 1976இல் உருவான மாநிலக் கடலோரக் கன்சர்வன்சியில் வாக்குரிமை உள்ளவர்கள் 7 பேர்: பதவிவழி உறுப்பினர் (வகிக்கும் வேறு பதவியால் இடம்பெறுபவர்) மூவர், பொது உறுப்பினர் நால்வர். இந்த அளவுள்ள குழுவில் மொத்த இடங்களில் பெரும்பான்மை வேண்டும் என்று விதி இருந்தால் கோரம், அதாவது கூட்டம் முடிவெடுக்க வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை, 4. இரண்டு இடம் காலியானாலும் அந்த 4 குறையாது. மிஞ்சிய 5 பேரில் இருவர் வராவிட்டால் எந்தத் தீர்மானமும் நிறைவேறாது. நிலம் வாங்கும் ஒப்புதல் தள்ளிப்போகும். விற்பவர் காத்திருப்பார் என்ற உறுதி இல்லை. பதவியில் இருப்போரில் பெரும்பான்மை என்று விதி சொன்னால் 3 பேரே போதும். உங்கள் குழுவுக்கு எது என்பதை முதலில் பாருங்கள்.

பதவிக்காலம் முடிந்தவுடன் நாற்காலி காலி என்று நினைப்பது தவறு. கலிஃபோர்னிய அரசுச் சட்டத்தொகுப்பின் 1302ஆம் பிரிவுப்படி, அடுத்தவர் பொறுப்பேற்கும்வரை பழையவரே தொடர்வது பொது விதி. செனட் ஒப்புதல் தேவைப்படும் நியமனங்களுக்குத் தனிக் கெடுக்கள் உண்டு. மரணம், விலகல் தவிர, நோய் போன்ற காரணமின்றித் தொடர்ந்து 3 மாதம் கடமையாற்றாமல் இருப்பதும் 1770ஆம் பிரிவில் காலியிடமாகிறது. இதை வருகைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் குறைவு, பார்த்தே ஆக வேண்டும்.

கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா கன்சர்வன்சி போன்றவற்றின் குழுக்களில் கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) மேற்பார்வையாளர்களும், அதாவது அதன் ஆட்சிக்குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களும், அமர்கிறார்கள். அவர்கள் தேர்தலில் தோற்றால் அமர்வதற்கான தகுதியே போய்விடும். அதனால் தேர்தல் முடிவு வந்ததுமே மாற்று நியமனம் கேட்டு எழுதுங்கள்.

அதிகம் நடக்கும் பிழை, இடையில் வருபவருக்கு முழுக் காலம் கொடுத்துவிடுவது. எஞ்சிய காலத்துக்கு மட்டுமே நியமனம் என்று சட்டம் சொல்லும் 4 ஆண்டுப் பதவியில் 30ஆம் மாதம் ஒருவர் விலகினால், புதியவருக்கு உரியது 18 மாதம்தான். இதை மீறினால், வெவ்வேறு ஆண்டுகளில் முடியும்படி அமைத்த பதவிக்காலங்கள் ஒரே ஆண்டில் வந்து குவியும். அனுபவமுள்ளவர்கள் மொத்தமாக வெளியேறுவார்கள்.

ஒவ்வொரு இடத்துக்கும் நியமிப்பவர் யார், தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, தேவையான தகுதி ஆகியவற்றைப் பதிவேட்டில் வையுங்கள். முடிவுக்கு 6 மாதம் முன்பே நியமிப்பவருக்குக் கடிதம் போகட்டும். விலகலை எழுத்தில், நடைமுறைக்கு வரும் தேதியுடன் வாங்குங்கள். அந்தக் கடிதம் நியமித்தவருக்குப் போய்ச் சேர வேண்டும். குழுத் தலைவரின் மேசையிலேயே தங்கிவிட்டால், நிரப்ப வேண்டியவருக்கு இடம் காலியானதே தெரியாது.