மார்கழி ஓசோனும் மத்தியான வெயிலும்

மார்கழி பிறந்ததும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்ற ஆரம்பித்துவிடும். இந்த மாதத்தில் ஓசோன் படலம் பூமிக்கு அருகில் இறங்கி வருகிறதாம். விடியற்காலையில் எழுந்து வாசலில் கோலம் போட்டால் அந்த ஓசோன் மூச்சோடு உள்ளே போய் உடம்பைச் சுத்தப்படுத்துமாம். கிருஷ்ணகிரியில் நுரையீரல் மருத்துவராக இருக்கும் என்னிடம் வருஷம் தவறாமல் யாராவது இதைக் கேட்கிறார்கள். ஆஸ்துமா உள்ள ஒரு பாட்டியை, "ஓசோன் வாங்கட்டும்" என்று நாலரை மணிக்கே குளிக்கவைத்துத் திண்ணையில் உட்காரவைத்த குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன். அன்பாகத்தான் செய்தார்கள். பாட்டிக்கு வீசிங் வந்து, நெபுலைசரில் மருந்து வைத்த பிறகுதான் மூச்சு நிலைக்கு வந்தது.

மார்கழிக் கோலமும் பஜனையும் எனக்கும் பிடிக்கும். அவற்றைச் செய்ய ஓசோன் ஒரு காரணமாக இருக்க வேண்டியதில்லை. ஓசோன் படலம் தரையிலிருந்து ஏறக்குறைய 15 கிலோமீட்டர் உயரத்தில் தொடங்கி 35 கிலோமீட்டர் வரை பரவியிருக்கிறது. மார்கழிக்காக அது கீழே இறங்குவதில்லை. நாம் மூச்சுவிடும் உயரத்தில் உள்ள ஓசோன், ஒரு நாளில் மிகக் குறைவாக இருக்கும் நேரங்களில் விடியற்காலையும் ஒன்று. இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது, மூச்சில் உள்ளே போகும் ஓசோன் எந்த அளவிலும் நுரையீரலுக்கு மருந்தாகாது என்பது. அது திசுவை எரிச்சலூட்டும் வாயு. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான்.

ஓசோன் என்றதும் நம் நினைவுக்கு வருவது பள்ளிக்கூடத்தில் செப்டம்பர் 16 அன்று எழுதிய கட்டுரைப் போட்டி. அந்தப் பாடம் சரியானதுதான். மேலே இருக்கும் ஓசோன், சூரியனிலிருந்து வரும் புற ஊதாக் கதிர்களைத் தடுத்து நம்மைக் காப்பாற்றுகிறது. அவ்வளவு ஓசோனையும் தரைமட்ட அழுத்தத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தால் சுமார் 3 மில்லிமீட்டர் தடிமன்தான் தேறும். ஃப்ரிட்ஜிலும் ஸ்பிரே டப்பாவிலும் இருந்த சிஎஃப்சி வாயுக்கள் அதை அரிக்கும் என்று மோலினா, ரோலண்ட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1974-ல் எழுதினார்கள். அண்டார்டிகாவுக்கு மேலே அப்படியொரு பெரிய மெலிவு, அதாவது ஓசோன் ஓட்டை, இருப்பதை 1985-ல் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். 1987-ல் அந்த வாயுக்களைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. உலகம் சேர்ந்து ஒரு தவறைத் திருத்திக்கொண்ட அபூர்வமான கதை இது. இன்றைய கொள்கைகள் தொடர்ந்தால் உலகின் பெரும்பகுதியில் 2040 வாக்கிலும், அண்டார்டிகாவில் 2066 வாக்கிலும் படலம் 1980-ல் இருந்த நிலைக்குத் திரும்பும் என்பது மதிப்பீடு.

இதில் நம்மூருக்கு ஒரு விஷயம் மட்டும். அந்த ஓட்டை நம் தலைக்கு மேலே இல்லை. ஆனாலும் நாம் 12 டிகிரி அட்சரேகையில், சூரியனுக்கு நேர் கீழே வாழ்கிறோம். பங்குனி, சித்திரையில் மத்தியானப் புற ஊதாக் குறியீடு, மிகக் கடுமையான அளவான 11-ஐத் தாண்டுவது இங்கே சாதாரணம். வயலிலேயே ஆயுளைக் கழித்தவர்களுக்குக் கண்ணில் சதை வளர்வதற்கும் சீக்கிரமே புரை விழுவதற்கும் இந்த வெயில் ஒரு காரணம். குடையும் அகலமான தொப்பியும் கண்ணுக்கும் சேர்த்துத்தான்.

சரி, கீழே இருக்கும் ஓசோனுக்கு வருகிறேன். என் வேலை அதோடுதான்.

இந்த ஓசோன் எந்தப் புகைபோக்கியிலிருந்தும் நேரடியாக வெளியே வருவதில்லை. வாகனமும் ஜெனரேட்டரும் பாய்லரும் விடும் நைட்ரஜன் ஆக்ஸைடுகள் ஒரு பக்கம். பெட்ரோல் ஆவி, பெயின்ட், தின்னர், எரிகிற குப்பை இவற்றிலிருந்து கிளம்பும் கரிம ஆவிகள் இன்னொரு பக்கம். இரண்டும் காற்றில் கலந்து, மேலே கடும் வெயில் அடித்தால் ஓசோன் உருவாகிறது. லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் மக்களின் கண்ணை எரித்த புகைமூட்டத்துக்கு இதுதான் காரணம் என்று வேதியியல் விஞ்ஞானி ஆரி ஹாகன்-ஸ்மிட் 1950-களின் தொடக்கத்தில் காட்டினார். அந்த ஊரில் ரப்பர் பொருள்கள் சீக்கிரமே வெடித்துப் போனது அவருக்குக் கிடைத்த தடயங்களில் ஒன்று. ரப்பரை வெடிக்க வைக்கும் வாயு நுரையீரலின் மெல்லிய உட்பூச்சை என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

நம் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்கள் இரண்டிலும் இதற்கு வேண்டிய எல்லாம் இருக்கின்றன. பெங்களூரிலிருந்து ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி, தர்மபுரி வழியாக 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை சேலத்துக்கு இறங்குகிறது. சென்னைச் சாலை கிருஷ்ணகிரியில்தான் அதோடு சேர்கிறது. சுங்கச்சாவடியில் இன்ஜினை அணைக்காமல் நிற்கும் லாரிகள், தொப்பூர் கணவாயில் முக்கி முனகி ஏறும் லாரிகள், ஓசூர் சிப்காட் தொழிற்சாலைகள், கிரானைட் பட்டறைகளின் ஜெனரேட்டர்கள், அறுவடை முடிந்து கொளுத்தப்படும் கரும்புச் சோகை, ஊர் எல்லையில் புகைந்துகொண்டே கிடக்கும் குப்பை. இவற்றுக்கு மேலே மாசி முதல் வைகாசி வரை மேகமில்லாத வெயில். காலையில் வெளியேறிய புகை வெயிலில் வெந்து, மத்தியானம் 1 மணியிலிருந்து 4 மணிக்குள் ஓசோன் உச்சத்துக்குப் போகும். பொழுது சாய்ந்த பிறகு இறங்கும்.

கேட்பவர்கள் நம்ப மறுக்கும் ஒன்று உண்டு. நெடுஞ்சாலை ஓரத்தைவிட, அங்கிருந்து தள்ளி, காற்று வீசும் திசையில் இருக்கும் கிராமத்தில் ஓசோன் கூடுதலாக இருக்கலாம். வண்டியிலிருந்து புதிதாக வரும் நைட்ரிக் ஆக்ஸைடு பக்கத்தில் இருக்கும் ஓசோனைத் தின்றுவிடுகிறது. சாலையை விட்டு விலகிப் போகப்போக அப்படித் தின்ன ஆள் குறைகிறது. 2020 ஊரடங்கில் இதை உலகமே பார்த்தது. வண்டிகள் நின்றன, தூசியும் நைட்ரஜன் டை ஆக்ஸைடும் குறைந்தன, வானம் பளிச்சென்று ஆனது. ஆனால் பல நகரங்களில் ஓசோன் ஏறியது. கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும் காற்று மூச்சுக்கும் சுத்தமாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

விவசாயம் என் துறை இல்லை, ஆனாலும் சொல்லாமல் போக மனமில்லை. ஓசோன் இலைத்துளை வழியாகச் செடிக்குள்ளும் போகிறது. இலையில் பொடிப்பொடியாகப் பழுப்புப் புள்ளிகள் விழும், இலை சீக்கிரம் முதிரும், மகசூல் குறையும். கோதுமை, சோயா, பீன்ஸ், நிலக்கடலை, தக்காளி எல்லாம் இதனால் எளிதில் அடிபடும் பயிர்கள். பாலக்கோட்டிலும் ராயக்கோட்டையிலும் தக்காளி போடுகிறவர்கள் இலைப்புள்ளிக்கு உடனே மருந்தடிக்கும் முன், வேளாண்மை அலுவலரிடம் ஓர் இலையைக் காட்டி இதையும் கேட்டுப் பாருங்கள்.

உடம்புக்குள் நடப்பது இது. ஓசோன் தண்ணீரில் எளிதில் கரையாது. கரைகிற வாயுவாக இருந்தால் மூக்கின் ஈரமும் தொண்டையின் ஈரமும் பெரும்பகுதியை வழியிலேயே பிடித்துவைக்கும். ஓசோன் அப்படி நிற்காமல் நுரையீரலின் சிறு குழாய்கள் வரை போய், அங்குள்ள ஈரப்படலத்தோடும் அதில் இருக்கும் கொழுப்போடும் வினைபுரிகிறது. குழாய்ச் சுவர் வீங்குகிறது. தொண்டை கரகரக்கும், வறட்டு இருமல் வரும், ஆழமாக மூச்சிழுத்தால் நெஞ்சின் நடுவில் சுருக்கென்று வலிக்கும். ஆஸ்துமா உள்ளவருக்கு இழுப்பு கூடும், தூசிக்கும் மகரந்தத்துக்கும் குழாய் முன்பைவிட அதிகமாகக் கோபப்படும். வீக்கம் உடனே தணியாது என்பதால், இன்று மத்தியானம் பட்டதற்கு நாளைக் காலையில் மூச்சு வாங்கலாம். அதனால்தான் நோயாளிகளுக்குக் காரணம் பிடிபடுவதில்லை. "நேற்று ராத்திரி தயிர் சாப்பிட்டேன் சார், அதான்" என்பார்கள். தயிர் பாவம்.

நோய் எதுவும் இல்லாதவர்களையும் இது விடாது. ஆரோக்கியமான இளைஞர்களைக் கட்டுப்படுத்தப்பட்ட அறையில் ஓசோன் கலந்த காற்றில் பல மணி நேரம் உடற்பயிற்சி செய்யவைத்துப் பார்த்த ஆய்வுகள் உண்டு. கனமீட்டருக்கு 160 மைக்ரோகிராம் அளவிலேயே அவர்கள் ஊதி வெளியேற்றும் காற்று குறைந்தது. வருஷக்கணக்கில் படும்போது நாள்பட்ட மூச்சடைப்பு நோயால் இறக்கும் ஆபத்தும் கூடுகிறது. 2021-ல் ஓசோனால் உலகம் முழுவதும் சுமார் 4.9 லட்சம் பேர் இப்படி இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். அதில் கிட்டத்தட்டப் பாதி இந்தியாவில். விறகடுப்புப் புகையும் பீடியும் ஏற்கெனவே பாழாக்கிய நுரையீரல்கள் நம்மிடம் நிறைய. ஓசோன் அவற்றின் மேல்தான் வந்து விழுகிறது.

என் அறைக்கு வரும் முகங்களை நினைத்துப் பார்க்கிறேன். மாங்காய் சீசனில் நாள் முழுக்கத் தோப்பில் நின்று பறிப்பவர்கள், சுங்கச்சாவடியில் வெள்ளரிக்காய் விற்கும் அக்காக்கள், சாலை போடுபவர்கள், உணவு டெலிவரி தம்பிகள், வெல்டர்கள். வெல்டிங் ஒளியின் புற ஊதாக் கதிரே பக்கத்துக் காற்றில் ஓசோனை உண்டாக்கும், அதனால் மூடிய ஷெட்டில் வேலை செய்கிறவருக்கு இரண்டு மடங்கு தொல்லை. ஒவ்வொருவர் இருமலுக்கும் ஓசோன்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். கல் தூசியும் புகையும் வெப்பமும் சேர்ந்தேதான் தாக்குகின்றன. ஆனால் கோடையில் மத்தியானத்துக்குப் பிறகு கூடுகிற இருமல் என்றால் நான் ஓசோனையும் கணக்கில் சேர்த்துத்தான் கேள்வி கேட்கிறேன்.

எனக்கு அதிகக் கவலை பிள்ளைகளைப் பற்றி. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை இழுக்கிறார். வேகமாக ஓடும்போது அது 50 லிட்டரைத் தாண்டும், அதுவும் வாய் வழியாக. காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து ஒரு கபடி விளையாட்டுக்காரப் பெண்ணை அவள் அப்பா அழைத்து வந்தார். மாவட்டப் போட்டிக்காகப் பங்குனி வெயிலில் மூன்று மணிக்குப் பயிற்சி. பத்து நிமிஷத்தில் நெஞ்சு இறுகுகிறது, "இவளுக்குத் தெம்பு இல்லை" என்று அணியிலிருந்து எடுத்துவிடப் பார்த்தார்கள். அவளுக்கு ஆஸ்துமா இருந்தது. தினசரி இன்ஹேலரை ஆரம்பித்தோம், அவள் பி.டி. ஆசிரியரிடம் பேசிப் பயிற்சியைக் காலை ஏழு மணிக்கு மாற்றச் சொன்னேன். அவரும் மனசு வைத்து மொத்த அணிக்கும் மாற்றினார். அவள் இன்னும் ஆடுகிறாள்.

தலைமை ஆசிரியர்களுக்கும் பி.டி. ஆசிரியர்களுக்கும் நான் கேட்டுக்கொள்வது அதேதான். பிப்ரவரி முதல் மே வரை 12 மணியிலிருந்து 4 மணி வரை ஓட்டமும் கபடியும் வேண்டாம். காலையில் வைத்துக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் ஐந்து மணிக்கு மேல். மார்கழி, தை மாதங்களில் மட்டும் ஆஸ்துமா பிள்ளைகளை இருட்டோடு கிளப்ப வேண்டாம். அப்போது தொந்தரவு குளிரும் தரையோடு தங்கிய புகையும். வெயில் ஏறிய பிறகு போகட்டும்.

மாஸ்க் பற்றிக் கேட்பீர்கள். துணி மாஸ்க்கும் என்95 மாஸ்க்கும் தூசியைத் தடுக்கும், ஓசோன் வாயுவைத் தடுக்காது. கிரானைட் வேலைக்குக் கட்டாயம் போடுங்கள், ஆனால் அதை நம்பிக் கோடை மத்தியானத்தில் நடைப்பயிற்சி போகாதீர்கள். வீட்டுக்குள் இருப்பது நல்ல பாதுகாப்பு. ஓசோன் சுவரிலும் துணியிலும் பட்டே சிதைந்துவிடும் என்பதால் ஜன்னல் சாத்திய அறையில் வெளியே இருப்பதைவிட நன்றாகக் குறைந்திருக்கும். காலையிலும் இரவிலும் ஜன்னலைத் திறந்துவிடுங்கள். "ஓசோன் வெளியிட்டுக் காற்றைச் சுத்தம் செய்யும்" என்று விற்கிற இயந்திரத்தை மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள். கிருமியைக் கொல்லும் அளவுக்கு அறையில் ஓசோன் இருந்தால் அந்த அறையில் மனிதர் இருக்கக் கூடாது.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் ஆப்பில் காற்றுத் தரக் குறியீட்டைப் பார்க்கலாம். ஒரே ஓர் எண்ணைப் பார்த்துவிட்டு மூடாமல், அந்த எண்ணுக்குக் காரணமான மாசு எது என்று பாருங்கள். இந்தியாவில் ஓசோனுக்கு 8 மணி நேரச் சராசரி 100 மைக்ரோகிராம், 1 மணி நேரத்துக்கு 180 மைக்ரோகிராம் என்று 2009-லேயே வரம்பு வைத்திருக்கிறார்கள். வண்டிக்குப் பெட்ரோலை வெயில் நேரத்தில் போடாமல் காலையிலோ இரவிலோ போடுவதும், சோகையைக் கொளுத்தாமல் வயலிலேயே மூடாக்காகப் போடுவதும், சுங்கச்சாவடியில் இன்ஜினை அணைப்பதும் நம் கையில் இருக்கின்றன. லாரிகளின் புகைச் சோதனையும் குப்பை எரிப்பைத் தடுப்பதும் நிர்வாகத்தின் கையில். அதை ஊராட்சிக் கூட்டத்தில் கேட்க நமக்கு உரிமை உண்டு.

ஏற்கெனவே இன்ஹேலர் எழுதிக்கொடுக்கப்பட்டவர்கள், "பழகிடும்" என்று பயந்து கோடையில் நிறுத்திவிடுகிறார்கள். அது பழக்கமாகிற மருந்து இல்லை. நிறுத்தினால் குழாய் வீக்கம் திரும்பி வரும், அந்த நேரம் பார்த்து ஓசோனும் ஏறும். இருமல் நீடித்தால் எத்தனை மணிக்கு ஆரம்பிக்கிறது, அன்று எங்கே என்ன வேலையில் இருந்தீர்கள் என்று ஒரு வாரம் குறித்து எடுத்து வாருங்கள், மருத்துவருக்குப் பெரிய உதவி. ஒரு முழு வாக்கியம் பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, இன்ஹேலர் அடித்தும் அடங்காவிட்டாலோ குறிப்பு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.