ஸ்டென்ட்டின் மேல் படலம் மூடும் வரை

பெங்களூரு பன்னேர்கட்டா சாலையில் ஜெயதேவா மருத்துவமனை வாசலில் நின்றால் கன்னடத்துக்கு நடுவே ஓசூர், கிருஷ்ணகிரித் தமிழும் காதில் விழும். "அப்பாவுக்கு அடைப்பை எடுத்துட்டாங்க, நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்னாங்க" என்று போனில் ஊருக்குச் சேதி போகும். நாளை வீட்டுக்குப் போகலாம் என்பது சரி. அடைப்பை எடுத்ததாகச் சொல்வதுதான் தவறு. இதயத் தமனி அடைப்புக்குச் செய்யும் ஆஞ்சியோபிளாஸ்டியில் அடைப்பை யாரும் எடுப்பதில்லை. ஓரமாக நசுக்கி வைக்கிறார்கள். அதன்பின் சாப்பிடும் மாத்திரையை எப்போது நிறுத்தலாம் என்ற கேள்வி முழுக்க இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

மணிக்கட்டுத் தமனியில் சுமார் 2 மி.மீ. உள்விட்டமுள்ள குழல் ஒன்றைச் செருகுவார்கள். அதன் வழியே அரை மி.மீ. தடிமன்கூட எட்டாத கம்பி அடைப்பைத் தாண்டிப் போகும். கம்பியின் மேல், சுருட்டிய பலூனும் அதைச் சுற்றி இறுக்கிய கோபால்ட்-குரோமியம் வலையும் போய்ச் சேரும். இந்த வலைதான் ஸ்டென்ட். பிறகு பலூனுக்குள் 10 முதல் 16 வளிமண்டல அழுத்தம் ஏற்றுவார்கள். கார் டயரில் இருப்பது 2 சொச்சம்தான். அந்த 15, 20 நொடிகள் அந்தத் தமனியில் ரத்தம் ஓடாது. நெஞ்சு கனக்கும், சிலருக்கு வலிக்கும். நோயாளி விழித்திருப்பதால் வலித்தால் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். பலூன் சுருங்கி வெளியே வந்துவிடும். வலை மட்டும் விரிந்தபடி நின்று, கொழுப்பைச் சுவரோடு சுவராக அழுத்திப் பிடித்துக்கொள்ளும்.

இப்போது 3 மி.மீ. அகலமுள்ள குழாய்க்குள் ரத்தத்தில் நனைந்தபடி ஓர் உலோகம் நிற்கிறது. ரத்தத்தில் உள்ள தட்டணுக்களுக்கு உலோகம் என்றால் காயம் என்றே பொருள். ஓடி வந்து ஒட்டும், ஒன்றையொன்று கூப்பிடும், கட்டியாகும். தமனியின் உள்பக்கம் இயல்பாக இருக்கும் வழவழப்பான செல் படலம் வலையின் கம்பிகள் மேல் மெல்லப் படர்ந்து மூடிவிட்டால் இந்த ஆபத்து வெகுவாகக் குறையும். ஆனால் அதற்கு நாள் பிடிக்கும்.

எத்தனை நாள் என்பதில்தான் சிக்கல். 1986-இல் மனித இதயத் தமனியில் முதன்முதலாக வைத்தவை வெறும் உலோக வலைகள். அவற்றின் மேல் படலம் ஒரு மாதத்தில் ஓரளவு மூடிவிடும். ஆனால் தசைச் செல்கள் அளவுமீறி வளர்ந்து, நூறில் இருபது முப்பது பேருக்கு அதே இடம் மறுபடி சுருங்கியது. இதைத் தடுக்கத்தான் செல் வளர்ச்சியை அடக்கும் சிரோலிமஸ் போன்ற மருந்தைப் பூசிய ஸ்டென்ட்கள் 2002, 2003-இல் வந்தன. சுருக்கம் நன்றாகக் குறைந்தது. ஆனால் வேண்டாத வளர்ச்சியை அடக்கும் மருந்து வேண்டிய படலத்தையும் தாமதப்படுத்தியது. வைத்து ஓராண்டு கழித்தும் சிலருக்குத் திடீரென ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைவது 2006 வாக்கில் பெரிய கவலையாகவே இருந்தது. இன்றைய ஸ்டென்ட்களின் கம்பிகள் 60 முதல் 80 மைக்ரான், தலைமுடித் தடிமன்தான், பூச்சும் மேம்பட்டிருக்கிறது. இருந்தாலும் மூட மாதக்கணக்கில் ஆகும்.

படலம் மூடும்வரை காவலுக்கு நிற்பவை இரண்டு மாத்திரைகள். ஆஸ்பிரின் 75 மி.கி. ஒன்று. மற்றது குளோபிடோக்ரெல் 75 ஒருவேளை, அல்லது டிகாக்ரெலார் 90 இருவேளை, அல்லது பிராசுக்ரெல். மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவருக்கு இரண்டும் சேர்த்து வழக்கமாக 12 மாதம். மாரடைப்பு இல்லாமல் வைத்தவருக்குப் பெரும்பாலும் 6 மாதம். ரத்தக்கசிவு அபாயத்தைப் பார்த்து மருத்துவர் கூட்டுவார், குறைப்பார். அதன்பின் பொதுவாக ஒன்று மட்டும் தொடரும். ஸ்டென்ட் உறைய வாய்ப்பு மிக அதிகமுள்ளது முதல் மாதம். உடம்பு தேறிவிட்டது, நடக்க முடிகிறது, மாத்திரை எதற்கு என்று தோன்றுவதும் அதே மாதத்தில்தான்.

நின்றுபோவது வேண்டுமென்றே மட்டுமல்ல, கடையிலும் நடக்கிறது. எக்கோஸ்பிரின் என்றால் வெறும் ஆஸ்பிரின். எக்கோஸ்பிரின் ஏவி என்றால் கூடவே கொழுப்பு குறைக்கும் அடோர்வாஸ்டாட்டின். எக்கோஸ்பிரின் கோல்டு என்றால் இந்த இரண்டோடு குளோபிடோக்ரெலும் சேரும். பெங்களூரில் கோல்டு எழுதி வாங்கிய நோயாளி ஊருக்குப் போய் "எக்கோஸ்பிரின் குடுங்க" என்று கேட்டு வாங்கினால் குளோபிடோக்ரெல் சத்தமில்லாமல் விட்டுப்போகும். மாறாக, கோல்டும் தனிக் குளோபிடோக்ரெலும் சேர்ந்து இரட்டை அளவு போவதும் உண்டு. அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களை டிஸ்சார்ஜ் தாளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அடுத்தது பல். பல் பிடுங்க ஐந்து நாள் மாத்திரையை நிறுத்துங்கள் என்று இன்னமும் சொல்லப்படுகிறது. ஒரு பல்லுக்கு நிறுத்தத் தேவையில்லை. பஞ்சை அரைமணி நேரம் கடித்து அழுத்தினால் ரத்தம் பெரும்பாலும் நின்றுவிடும். பெரிய அறுவை சிகிச்சை என்றால் இதய மருத்துவரும் அறுவை மருத்துவரும் பேசி முடிவுசெய்ய வேண்டும்.

முழங்கால் வலிக்கு இபுப்ரோஃபென் போட்டால், தட்டணுவில் ஆஸ்பிரின் உட்கார வேண்டிய இடத்தை அது மறித்துக்கொள்ளும்; வயிற்றில் ரத்தக்கசிவு அபாயமும் கூடும். டைக்ளோஃபெனாக்கும் இதயத்துக்கு ஆகாது. பாராசிட்டமால் போதும். குளோபிடோக்ரெல் கல்லீரலில் ஒரு நொதியால் மாற்றப்பட்ட பிறகுதான் வேலை செய்யும். நெஞ்செரிச்சலுக்கான ஒமெப்ரசோல் அந்த நொதியைத் தடுப்பதால்தான் பாண்டோப்ரசோல் எழுதுகிறார்கள்.

டிகாக்ரெலார் போடுபவர்களில் பத்தில் ஒருவருக்காவது முதல் சில வாரங்களில் மூச்சு வாங்குவதுபோல் இருக்கும், அதுவும் சும்மா உட்கார்ந்திருக்கும்போது. பெரும்பாலும் மருந்தின் வேலைதான். ஆனால் படுத்தால் மூச்சு முட்டுகிறது, கால் வீங்குகிறது என்றால் அது வேறு சமாச்சாரம், இதயம் தளர்வதன் அறிகுறியாக இருக்கலாம். எதுவானாலும் மருத்துவரிடம் சொன்னால் மருந்தை மாற்றித் தருவார். தானாக நிறுத்தக் கூடாது.

தோலில் கன்றிய நீலம், பல் துலக்கும்போது துளி ரத்தம் இவை எதிர்பார்த்தவையே. தார் போலக் கறுத்து மலம் போனால் அன்றே மருத்துவமனை. (இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும், அதையும் சொல்லிவிடுங்கள்.)

"ரத்தம் நீர்க்க மருந்து சாப்பிடுறீங்க, கீரை தொடாதீங்க" என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அது செயற்கை வால்வு பொருத்தியவர்கள் சாப்பிடும் அசிட்ரோம், வார்ஃபரின் ஆகியவற்றுக்கான பத்தியம். கீரையிலுள்ள வைட்டமின் கே அந்த மருந்துகளைத்தான் மட்டுப்படுத்தும். ஸ்டென்ட்காரர் கீரை தாராளமாகச் சாப்பிடலாம். ஒதுக்க வேண்டியது ஊறுகாயும் அப்பளமும்தான்.

நெஞ்சு வலித்தால் நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட்டை உட்கார்ந்துகொண்டுதான் வைக்க வேண்டும். ரத்த அழுத்தம் சட்டென இறங்கும், நின்றிருந்தால் விழுந்துவிடலாம். ஐந்து நிமிடத்தில் வலி அடங்காவிட்டால் 108. முந்தைய 24 மணி நேரத்துக்குள் ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் போட்டிருந்தால் சார்பிட்ரேட் தொடவே கூடாது. சங்கடப்பட்டு இதை மறைப்பவர்கள் உண்டு. ஆம்புலன்ஸ்காரரிடமாவது சொல்லிவிட வேண்டும்.

நடை முதல் வாரம் சமதளத்தில் ஐந்து, பத்து நிமிடம். அரைமணி வரை சிறிது சிறிதாகக் கூட்டலாம். நடந்துகொண்டே பேச முடிந்தால் வேகம் சரி. அல்சூர் ஏரிக்கரை தோது. பெங்களூரின் மேட்டுத் தெருக்களைச் சில வாரம் தள்ளிப்போடலாம். டிசம்பர் விடியற்காலைக் குளிரில் தமனிகள் சுருங்கும், வெயில் வந்தபின் போவது நல்லது.

கெம்பேகவுடா விமான நிலையத்தில் ஸ்டென்ட்டுக்காக எந்தக் கருவியும் கத்தாது. எம்.ஆர்.ஐ. எடுக்கவும் பொதுவாகத் தடையில்லை, ஆனால் எப்போது, எந்த வகை ஸ்டென்ட் என்று கேட்பார்கள். மருத்துவமனை தரும் ஸ்டென்ட் அட்டையை இரண்டு பக்கமும் படமெடுத்து, நோயாளியின் போனிலும் வீட்டில் இன்னொருவர் போனிலும் வைத்துக்கொண்டால் போதும்.